தூரத்து உறவும் கிட்டத்து உறவும்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துப் பழைய பேட்டைகளில் ஒன்று அல்பெர்கேரியா. கார்மினே மஜ்ஜோரே தேவாலயத்தின் வண்ண ஓடு பதித்த குவிமாடத்தின் கீழ், அதன் சந்துகளை அடைத்துக்கொண்டு நடக்கிறது பல்லாரோ சந்தை. சிசிலிக்காரர், வங்காளதேசத்தவர், கானாக்காரர், இலங்கைத் தமிழர் என்று பலரும் வாங்கவும் விற்கவும் கூடும் இடம். குளிர்காலத்தில் அங்கே ஒரு காய்கறிக் கடைமுன் நின்றால் பச்சைப் பூக்கோசு ஒரு குவியல், ஊதாப் பூக்கோசு ஒரு குவியல், ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் என்று நான்கு குவியலுக்கு நான்கு விலை சொல்வார்கள். தாவரவியல் கணக்கில் இவை நான்கும் ஒரே இனம்: பிராசிக்கா ஒலரேசியா. நம்மூர் நூல்கோலும் அதே இனந்தான். அடுத்த கடையில் ஒரு சரம் பூண்டும் ஒரு கூடை எலுமிச்சையும் மட்டும் இருக்கலாம். பூண்டின் மூதாதையும் எலுமிச்சையின் மூதாதையும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. குவியலை எண்ணினால் முதல் கடை பெரியது. உயிரின் வரலாற்றை எண்ணினால் இரண்டாவது கடை எங்கோ போய்விடுகிறது.

காட்டுயிர்ப் பாதுகாப்பில் நெடுங்காலம் குவியலைத்தான் எண்ணிவந்தோம். இந்தச் சரணாலயத்தில் இத்தனை பறவை இனம், அந்த ஏரியில் இத்தனை மீன் இனம் என்று பட்டியல் போடுவது எளிது. அறிக்கையில் அச்சடிக்கவும் வசதி. ஆனால் இந்த எண்ணிக்கை, நேற்றுப் பிரிந்த அண்ணன் தம்பியையும், ஒட்டுறவு எல்லாம் மாண்டுபோய்த் தனித்து நிற்கும் கிழவனையும் ஆளுக்கு ஒன்று என்றே போடும். 1990இல் ராபர்ட் மே 'நேச்சர்' இதழில் இந்தக் கேள்வியை எழுப்பியபோது அவர் கண்முன் இருந்தது நியூசிலாந்தின் டுவாட்டாரா. பார்ப்பதற்குப் பல்லிபோல் இருந்தாலும் பல்லியல்ல. ஒரு முழு வரிசையிலிருந்து மிஞ்சியிருக்கும் ஒரே ஊர்வன. அடுத்த ஆண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வேன்-ரைட், ஹம்ஃப்ரீஸ், வில்லியம்ஸ் மூவரும், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத நிலையில் எதைக் காப்பது என்று வெளிப்படையாகவே கேட்டு எழுதினார்கள். 1992இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேனியல் ஃபெய்த் ஒரு விடை சொன்னார்.

அவர் சொன்ன வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. உயிரினங்களின் பரிணாம மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வாழும் இனங்களை அதில் குறித்து, வேரிலிருந்து அவற்றை இணைக்கும் கிளைகளின் நீளத்தையெல்லாம் கூட்டுங்கள். வருவதே அந்த இடத்தின் கிளைவழிப் பன்மை. ஒரே கிளை இரண்டு இனங்களுக்குப் பொதுவாக இருந்தால் அதை ஒருமுறைதான் கூட்ட வேண்டும். அதனால் நெருங்கிய உறவினர் பத்துப் பேர் கணக்கை அதிகம் ஏற்றமாட்டார்கள். தூரத்து உறவினர் ஒருவர் வந்தால் கணக்கு சட்டென்று உயரும். ஏன் கிளை நீளம்? ஒவ்வொரு கிளையிலும் காலம் செல்லச் செல்லப் புதுப் பண்புகள் சேர்கின்றன: ஒரு நஞ்சு, ஒரு நிறமி, வறட்சியைத் தாங்கும் ஒரு வேர். இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் இன்னும் கண்டறியவே இல்லை. கண்டறியாததை நேரே அளக்க முடியாது. அது சேர்ந்திருக்கக்கூடிய இடத்தை அளக்கலாம். பின்னால் வருகிறவர்களுக்கு எது பயன்படும் என்று இன்று தெரியாதபோது அவர்களின் தெரிவுகளை அகலமாக விட்டுவைப்பதுதான் ஃபெய்த்தின் நோக்கம்.

2007இல் ஃபெலிக்ஸ் ஃபாரஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் தாவரங்களை இப்படி அளந்தார்கள். உலகறிந்த மலர்வளம் அது. அதன் மேற்குப் பாதியில் இனங்கள் குவிந்திருக்கின்றன, கிழக்கில் குறைவு. ஆனால் மேற்கில் உள்ளவை பெரும்பாலும் அண்மையில் சில கிளைகளிலிருந்து வெடித்துப் பரவிய உறவுக்கூட்டங்கள். இன எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கிடைக்க வேண்டியதைவிட மேற்கில் கிளைவழிப் பன்மை குறைவாகவும் கிழக்கில் அதிகமாகவும் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பணம் ஒதுக்கியிருந்தால் கிழக்கு கைவிடப்பட்டிருக்கும்.

பல்லாரோவின் மீன்கடைகளில் வெட்டிய வாள்மீன் தலையை, வாள் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள். இத்தாலியச் சந்தைகளில் வாள்மீன் என்று சொல்லி நீலச்சுறாத் துண்டை விற்கும் மோசடி அவ்வப்போது பிடிபடுவதுண்டு. தோலுரித்த துண்டாகப் பார்த்தால் வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது. பரிணாம மரத்திலோ இரண்டும் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. வாள்மீனுக்குச் சுறாவைவிட அதை வாங்க வந்திருக்கும் மனிதன் நெருங்கிய உறவு. இருவருக்கும் உடம்பில் எலும்பு இருக்கிறது, சுறாவுக்குக் குருத்தெலும்பு மட்டுமே. 2018இல் சுறா, திருக்கை இனங்களின் மரத்தை வரைந்தவர்கள், அந்தக் கூட்டத்தில் ஓர் இனம் சராசரியாக 2.6 கோடி ஆண்டுகால வரலாற்றைத் தனியாகத் தாங்கி நிற்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு சுறா இனம் போனால் அத்தனையும் அதோடு போகும். கிளைவழிக் கணக்கு எதற்கு என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு எண்ணைத்தான் முதலில் காட்டுவேன்.

லண்டன் விலங்கியல் கழகம் 2007இல் இந்தக் கணக்கைக் களத்துக்குக் கொண்டுவந்தது. 'எட்ஜ்' என்ற பெயரில், ஓர் இனம் பரிணாமத்தில் எவ்வளவு தனித்தது என்பதையும் அது அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அழிவு அபாயம் ஒரு படி ஏறினால் அதன் எடை இரட்டிப்பாகும். பாலூட்டிகளின் முதல் பட்டியலில் உச்சியில் வந்தது சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கில். அதற்கு முந்தைய ஆண்டே ஆறு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முதல் மதிப்பெண் வாங்கியவர் பெயரைக் கூப்பிட்டபோது ஆளில்லை.

நமக்குக் கிட்டத்தில் இந்தக் கணக்கு நன்றாகப் புரிவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையில்தான். 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் இடுக்கிப் பகுதியிலிருந்து இதை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஊதிப்போன உடம்பு, சின்னத் தலை, பன்றிமூக்குபோல் நுனி. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும். கோடை மழை வலுத்ததும் இணைசேரச் சில நாள் மட்டும் மேலே வரும். கேரளத்தில் பாதாளத் தவளை என்றும் மாவேலித் தவளை என்றும் சொல்கிறார்கள். தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு காட்டாற்று வெள்ளத்தில் நிற்கும். மலைவாழ் மக்கள் சிலர் அவற்றைப் பிடித்துச் சமைப்பதுண்டு. மக்களுக்குத் தெரிந்த உயிர்தான். அறிவியலுக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. அதன் மரபணுவை வைத்து உறவினரைத் தேடியபோது பக்கத்து மலையில் யாரும் கிடைக்கவில்லை. மிக நெருங்கிய சொந்தம் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளின் குட்டித் தவளைகள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தின் மிச்சம் இது. இரண்டு தவளைக் கிளைகளும் பிரிந்து சுமார் 13 கோடி ஆண்டுகள் என்று முதல் ஆய்வு கணித்தது. பிந்தைய கணிப்புகள் அதைக் குறைக்கின்றன. குறைத்தாலும் அது டைனோசர் காலத்துப் பிரிவுதான்.

2017இல் தமிழ்நாட்டுப் பக்கத்தில் கதை திரும்பியது. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட குழுவினர் இரண்டாவது ஊதாத் தவளை இனத்தை விவரித்தார்கள். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இணைசேர்கிறது. கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலைமுகட்டின் இரு பக்கமும் இரண்டு மழை, இரண்டு நாட்காட்டி. புதிய இனத்துக்கு பூபதி என்று பெயரிட்டார்கள், கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய எஸ். பூபதியின் நினைவாக. 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து உயிரிழந்த ஊர்வனவியலாளர் அவர்.

எட்ஜ் கணக்கில் இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது. ஒரு கிளையின் நீளத்தை அதில் மிஞ்சியிருக்கும் இனங்களுக்குள் பங்கு பிரிப்பதுதான் அதன் வழக்கம். 2016 வரை செஷல்ஸ் உறவிலிருந்து பிரிந்த அந்த நெடுங்கிளை முழுவதும் ஒரே தவளையின் சொத்து. தம்பி வந்ததும் சொத்து இரண்டாகிறது; ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் பாதியை நோக்கி இறங்குகிறது. காட்டில் எதுவும் மாறவில்லை. ஒரு தவளைகூடக் கூடவோ குறையவோ இல்லை. நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததற்கு அவை தண்டம் கட்டுகின்றன! ஃபெய்த்தின் மூலக் கணக்கில் இந்தக் கோளாறு இல்லை; அங்கே மலையின் மொத்தம் சிறிது கூடவே செய்யும். கோளாறு மொத்தத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்கிற இடத்தில்தான்.

2023இல் ரிக்கி கம்ப்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட திருத்திய முறை இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. தவளையின் தனித்தன்மையை மட்டும் பாராமல், அதன் உடன்பிறப்பு பிழைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்றும் கேட்கிறது. தம்பி உறுதியாக இருந்தால் அண்ணன் போனாலும் பொதுக்கிளை மிஞ்சும். இருவரும் ஆடிக்கொண்டிருந்தால் கிளை முழுவதுக்கும் ஆபத்து, ஆகவே இருவர் மதிப்பெண்ணும் உயரும். ஒரே மலையில், அணைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே வாழும் இரண்டு தவளைகளுக்கு இதுவே பொருந்தும் கணக்கு. ஒரு குடும்பத்தின் கடனை ஒருவர் தலையில் எழுதாமல் ஜாமீன்தாரரின் நிலையையும் பார்க்கிற மாதிரி.

இதுவரை கிளைக் கணக்குக்கு ஆதரவாகவே பேசியிருக்கிறேன். மறுபடி சிசிலிக்குப் போனால் அதன் வாதம் தடுமாறுகிறது.

பலெர்மோ மாகாணத்தின் மதோனியே மலையில், பொலிட்ஸி ஜெனெரோசா ஊருக்கு மேலே சுமார் 1,400 மீட்டரிலிருந்து 1,650 மீட்டர் வரையான உயரத்தில் ஒரு தேவதாரு வகை நிற்கிறது: அபியெஸ் நெப்ரோடென்சிஸ். கிளை நுனிகள் சிலுவை வடிவில் விரிவதால் அந்தப் பக்கத்தார் அதைச் சிலுவை மரம் என்று தம் பேச்சில் அழைப்பார்கள். அழிந்துவிட்டதாக நம்பப்பட்டு 1957இல் மீண்டும் கண்டறியப்பட்ட மரம். இயற்கையாக வளர்ந்த முதிர்ந்த மரங்கள் இன்று ஏறக்குறைய முப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஐரோப்பாவில் இதைவிட அரிய ஊசியிலை மரத்தைத் தேட வேண்டும். ஆனால் கிளைக் கணக்கில் இது ஏழை. ஐரோப்பா முழுக்கப் பரவிய வெள்ளித் தேவதாருவின் நெருங்கிய உறவு இது. பனியுகக் காலத்தில் தெற்கே ஒதுங்கித் தனித்துப்போன கூட்டம். அதன் தனிக்கிளை மிகக் குட்டை. முப்பது மரமும் நாளை சாய்ந்தாலும் ஊசியிலை மரங்களின் மொத்தக் கிளை நீளத்தில் கீறல்கூட விழாது.

தீவின் தென்கிழக்கே இப்லேய் மலையில் இதற்கு நேர்மாறு ஒன்று. 1991இல் புக்கேரி அருகே ஒரு காட்டு ஓடையில் ஆளுயரத்துக்குச் சற்றே மேல் வளரும் புதர் ஒன்றைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜெல்கோவா சிக்குலா என்று பெயர் பெற்றது. ஜெல்கோவா பேரினம் ஒருகாலத்தில் வட அரைக்கோளம் எங்கும் பரவியிருந்தது. இன்று கிழக்காசியாவில் மூன்று இனம், காக்கசஸ் பக்கம் ஒன்று, கிரீட் தீவில் ஒன்று, சிசிலியில் இது. பழைய கிளையின் மேற்கு ஓரத்து நுனி. 2009இல் இன்னொரு பள்ளத்தாக்கிலும் ஒரு கூட்டம் கிடைத்ததும் மகிழ்ச்சி. மரபணுவைப் பார்த்ததும் மகிழ்ச்சி வடிந்தது. ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்கணக்கில் நிற்பவை வேரிலிருந்து கிளைத்துக் கிளைத்துப் பரவிய ஒரே செடியின் நகல்கள். குரோமோசோம் மும்மடங்காக இருப்பதால் விதை பிடிப்பதில்லை. இரண்டு பழைய இனங்கள் கலந்து பிறந்ததாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கிளைகள் பிரிந்துகொண்டே போகும், ஒருபோதும் சேராது என்று வரையப்படும் பரிணாம மரத்தில் இதை எங்கே வைப்பது? தாய்வழி ஒரு கிளையிலும் தந்தைவழி இன்னொன்றிலும் தொங்குகிறது. நீளத்தை யார் பங்கில் எழுதுவது? பழமையை மதிக்கிற கணக்கு, இந்தச் செடிக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பதில்லை.

எனக்கு இந்த இரண்டையும்விடச் சுவையான சான்று கோஸ்தான். பலெர்மோவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளின் செங்குத்துப் பாறைகளில் காட்டுக்கோஸ்கள் முளைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோத் தமிழர்கள், இந்துக்களும்கூட, அவற்றில் ஒன்றான மோந்தே பெல்லெக்ரீனோ ஏறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடப் போவது பலர் எழுதிய செய்தி. அத்தகைய குன்றுகளின் தாவரங்களை 1805 முதல் 1815 வரை பலெர்மோவில் வாழ்ந்த ரஃபினெஸ்க் ஆராய்ந்தார். பாறைக்கோஸுக்கு பிராசிக்கா ருபெஸ்ட்ரிஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். எகாதித் தீவுகளில் பெருங்காய்க் காட்டுக்கோஸ், வேறு பாறைகளில் மயிர் அடர்ந்த பிராசிக்கா வில்லோசா. சந்தையில் குவிந்திருக்கும் பூக்கோசின் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இவை. எல்லாம் அண்மைப் பிரிவுகள். ஃபெய்த்தின் கணக்கில் இவற்றுக்குக் கிடைப்பது சில்லறை.

அந்தச் சில்லறையில்தான் வேலை நடந்தது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ரிச்சர்ட் மித்தனும் அவர் குழுவும் சிசிலியின் பிராசிக்கா வில்லோசாவை ப்ரோக்கோலியுடன் கலந்து, குளூகோரஃபனின் என்ற கந்தகச் சேர்மம் மிகுந்த வகையை உருவாக்கினார்கள். வழக்கமான கலப்பு முறைதான், மரபணு மாற்றம் இல்லை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2011இல் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இது ஏன் முடிந்தது? இரண்டும் நெருங்கிய உறவு என்பதால்தான். மகரந்தம் ஒட்டும், விதை பிடிக்கும். பத்துக் கோடி ஆண்டு விலகிய தாவரத்தில் எவ்வளவு அருமையான பண்பு இருந்தாலும் ப்ரோக்கோலியோடு அதை மணமுடிக்க முடியாது. நாளைய தெரிவுகளைக் காப்பதற்காக ஃபெய்த் தூரத்து உறவைத் தேடினார். உணவுப் பயிரைப் பொறுத்தவரை நாளைய தெரிவு கிட்டத்து உறவில்தான் கிடக்கிறது. நெல்லுக்குக் காட்டு நெல், கத்தரிக்குக் காட்டுக் கத்தரி, எல்லாவற்றுக்கும் இதே கதை. தொலைவுக்கு மதிப்பெண் தருவதுபோல் அண்மைக்கும் மதிப்பெண் தரும் கணக்கு ஒன்று தனியாக வேண்டும் என்பதே என் எண்ணம். இரண்டையும் ஒரே எண்ணாகக் குழைத்தால் இரண்டும் கெடும்.

தூரத்து உறவிலும் கிளை நீளம் எப்போதும் பண்பு வளத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. 2018இல் ஃப்ளோரன் மசேலும் மற்றவர்களும் முதுகெலும்பிகளை வைத்துச் சோதித்தார்கள். கிளை நீளத்தைப் பெருக்கும்படி இனங்களைத் தேர்ந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிடச் செயற்பண்புப் பன்மை சராசரியாக 18 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் ஒப்பீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணை மூடி எடுத்ததே மேலாக இருந்தது. சராசரியில் நல்ல குதிரை. ஒவ்வொரு பந்தயத்திலும் அதன்மேல் கட்ட முடியாது.

ஆனாலும் இன்று பணம் போகும் வழியைப் பார்க்கும்போது இந்தக் குறையுள்ள கணக்கே எவ்வளவோ தேவலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. இமயத்திலும் அரேபியாவிலும் உள்ள தார் ஆடுகளோடு ஒரே பேரினத்தில் அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2005இல் ரோபிகே, ஹசானின் இருவரும் மரபணுவைப் பார்த்து, தோற்றம் ஒத்திருந்தாலும் இது செம்மறிகளுக்கு நெருக்கம் என்று கண்டு நீலகிரித்ராகஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். உலகில் அந்தப் பேரினத்தில் வரையாடு ஒன்றே. தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தைக் கொண்டுவந்தது, நல்ல காரியம். அதற்குப் பின்னால் இருந்தது சங்க இலக்கியத்துப் பெருமையும் புல்வெளிப் பாறையில் கொம்போடு நிற்கும் அழகும். கிளை நீளத்தை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் பூபதித் தவளைக்கு அழகும் இல்லை, இலக்கியமும் இல்லை. கிளைக் கணக்கு ஒன்றுதான் அதன் சார்பில் பேசுகிறது. உலக அளவில் இந்தக் குரல் மெல்ல ஏறிவருகிறது. 2019இல் பல்லுயிர் குறித்த பன்னாட்டு மதிப்பீடு கிளைவழிப் பன்மையை எதிர்காலத் தெரிவுகளின் குறியீடாக எடுத்துக்கொண்டது. 2022இன் குன்மிங்-மொன்றியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் கண்காணிப்புக் குறியீடுகளிலும் அது இடம்பிடித்தது. கட்டாயமல்ல, நாடுகள் விரும்பினால் பயன்படுத்தலாம்.

மதோனியே மலையில் இதற்கெல்லாம் காத்திராமல் வேலை நடக்கிறது. முப்பது மரங்களும் சிதறி நிற்பதால் ஒரு மரத்தின் மகரந்தம் பெரும்பாலும் அதன் பெண் கூம்பிலேயே விழுகிறது. விதைகளில் பல பதராகின்றன. ஆகவே ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் பெண் கூம்புகளுக்கு உறை போட்டு, தூரத்து மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கையால் சேர்த்தார்கள். மான், காட்டுப்பன்றி அணுகாதபடி மரங்களுக்கு வேலி போட்டார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. முன்பு காடு வளர்ப்பதற்காக அருகில் நட்ட வெள்ளித் தேவதாருவும் கிரேக்கத் தேவதாருவும் இதோடு எளிதில் கலந்துவிடுகின்றன. ப்ரோக்கோலிக்கு வரமான அதே நெருக்கம் இங்கே ஆபத்து. கன்றுகளின் மரபணுவைச் சோதித்துக் கலப்பானவற்றை ஒதுக்குகிறார்கள். கிளைக் கணக்குப்படி இந்தக் கலப்பால் பெரிய நட்டம் ஏதுமில்லை என்று ஒருவர் வாதிடலாம். பிரிந்து அதிக காலம் ஆகாத சகோதரர்கள் மறுபடி சேர்கிறார்கள், அவ்வளவுதானே என்று. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மத்தியதரைக் கடலின் வெயிலையும் வறட்சியையும் இந்த உயரத்தில் தாங்கி நின்ற கூட்டம் இது. தேவதாருக் காடுகள் வடக்கே வெப்பத்தில் வாடத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில், இன்னும் நீளமாகாத அந்தக் குட்டைக் கிளையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று யாரும் முழுமையாகப் பார்த்து முடிக்கவில்லை.